மாதக் கடைசியில் பிறக்கும் ஆர்டர்கள்

கோவையில் கணபதிப் பக்கம் ஒரு பம்புசெட் கம்பெனி. திங்கட்கிழமை காலை, விற்பனைக் கூட்டம் தொடங்குகிற நேரம். சுவரில் மாட்டியிருந்த டிவியில் அவர்களுடைய சி.ஆர்.எம். (வாடிக்கையாளர் உறவு மேலாண்மை மென்பொருள்) திரை தெரிந்தது. ஒரு விற்பனையாளரின் பெயருக்குக் கீழே 14 என்கொயரிகள். ஊர், பார்ட்டி பெயர், மோட்டாரின் ஹெச்.பி., தொகை, எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எப்போது முடியும் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்த மேனேஜர் கடைசிப் பத்தியில் நிறுத்தினார். 14 வரிகளில் 11 வரிகளுக்கு ஒரே தேதி: மார்ச் 31.

"ஏந்தம்பி, பதினோரு பேரும் பேசி வெச்சுக்கிட்டு ஒரே நாள்ல வாங்கறாங்களா?"

"இல்லீங்ணா. தேதி போடாம விட்டா சேவ் ஆக மாட்டேங்குது. அதான் மாசக் கடைசின்னு போட்டுட்டேன்."

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அறையில் இருந்த மற்றவர்களின் பட்டியலிலும் அதே தேதிதான் நிறைந்திருந்தது. சிறு நிறுவனங்களுக்கு இந்த மென்பொருளை அமைத்துக் கொடுப்பது என் தொழில். தேதியை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாதபடி அமைத்தவன் நானேதான். விவசாயிகளும் டீலர்களும் வாங்கப்போகும் நாளை அந்தத் திரை காட்டுகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். அது காட்டியதெல்லாம் நான் கட்டாயப்படுத்தி வாங்கிய பதிலைத்தான்.

கணக்கு எழுதுவது நம் வணிகர்களுக்குப் புதிதல்ல. அன்றன்று நடந்ததை எழுதச் சிட்டை, ஆள்வாரியாகப் பிரித்து எழுதப் பேரேடு, எல்லாவற்றையும் சேர்த்து நிலவரம் காட்ட ஐந்தொகை. சி.ஆர்.எம். மென்பொருளை முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்கு இதை வைத்துத்தான் விளக்குவேன். போனில் பேசியது, நேரில் போய்ப் பார்த்தது, கொட்டேஷன் அனுப்பியது எல்லாம் ஏறுகிற இடம் சிட்டை. ஒரு வாடிக்கையாளரின் பெயரைத் தட்டினால் விரிகிற பக்கம் பேரேடு. முதலாளி காலையில் திறந்து பார்க்கும் டாஷ்போர்டு ஐந்தொகை.

இந்த ஒப்புமை பாதி வழிக்குத்தான் துணை வரும். பேரேட்டில் ஏறுவது நடந்து முடிந்த காரியம்: பணம் வந்தது, சரக்கு போனது. சி.ஆர்.எம்.-இல் ஏறுவதில் பெரும்பகுதி இன்னும் நடக்கவே இல்லை. 'வாங்குவார்', '60 சதவீதம் நிச்சயம்', 'மாதக் கடைசிக்குள் முடிந்துவிடும்' என்று ஒரு மனிதரின் மனத்தில் இருக்கும் நம்பிக்கையை எண்ணாக்கி வைக்கும் ஏடு இது. நடந்ததைத் தவறாக எழுதினால் மாலையில் கல்லாவை எண்ணும்போது கணக்கு இடிக்கும். நம்பிக்கையைத் தவறாக எழுதினால் அன்றைக்கு எங்கேயும் இடிக்காது. மூன்று மாதம் கழித்து, மூலப்பொருள் வாங்கிக் குவித்த பிறகு, வங்கித் தவணை கட்டும் நாளில் இடிக்கும்.

ஆனாலும் தொழிலின் இலக்குகளை எட்டுகிறோமா இல்லையா என்று பார்க்க இன்று நிறுவனங்கள் நம்பியிருப்பது இந்த ஏட்டைத்தான். அப்படியென்றால் இதுவும் ஓர் அளவுக் கருவி. தராசையும் வெப்பமானியையும் என்னென்ன கேட்டுச் சோதிப்போமோ, அதையெல்லாம் இதனிடமும் கேட்டாக வேண்டும்.

விற்பனையாளருக்கு இலக்கு வைக்கும் பழக்கத்தின் கதை அமெரிக்காவின் டேட்டன் நகரத்துக் கல்லாப்பெட்டியோடு பின்னிக் கிடக்கிறது. சிப்பந்திகள் கல்லாவில் கைவைக்காமல் தடுக்க அந்த ஊர்க்காரர் ஜேம்ஸ் ரிட்டி 1879-இல் ஓர் இயந்திரம் செய்தார். அந்தத் தொழிலை வாங்கிய ஜான் பேட்டர்சன் 1884-இல் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியைத் தொடங்கினார். நாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஓர் ஆளைப் போட்டு, ஆளுக்கு இத்தனை விற்க வேண்டும் என்று எண்ணிக்கை வைத்து வியாபாரம் நடத்தினார். விற்பனையாளர் வாடிக்கையாளரிடம் என்ன பேச வேண்டும் என்பதைக்கூட அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தார். எண்ணிக்கை வந்தாயிற்று, அதைக் குறித்துவைக்க அட்டைகளும் நோட்டுகளும் வந்தன, பிறகு கணினி வந்தது. 1993-இல் தொடங்கிய சீபெல் சிஸ்டம்ஸ் இதைப் பெரிய நிறுவனங்களுக்கான மென்பொருளாக வளர்த்தது. 1999-இல் வந்த சேல்ஸ்ஃபோர்ஸ், மென்பொருளை விலைக்கு விற்காமல் இணையம் வழியே சந்தாவுக்குக் கொடுத்தது. சீபெலை ஏறத்தாழ 585 கோடி டாலருக்கு வாங்க ஆரக்கிள் ஒப்பந்தம் போட்ட அதே 2005-இல், சென்னையில் வேரூன்றிய ஒரு நிறுவனம் ஜோஹோ சி.ஆர்.எம்.-ஐ வெளியிட்டது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. இன்று தென்காசி மாவட்டம் மத்தளம்பாறையிலும் அதற்கு அலுவலகம் இருக்கிறது. 2010-இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பிடித்தது. உலகத்து விற்பனையாளர்களின் நம்பிக்கைகளை எழுதிவைக்கும் ஏடுகளில் கணிசமானவை நம் ஊர்ப் பிள்ளைகளின் கைவண்ணம். அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையோடுதான் கருவியின் குறைகளையும் பேச வருகிறேன்.

மென்பொருள் செய்யும் கணக்கு எளிது. ஒவ்வோர் என்கொயரியும் சில படிகளைத் தாண்டி வருகிறது: விசாரித்தார், தேவையைக் கேட்டறிந்தோம், கொட்டேஷன் கொடுத்தோம், பேரம் நடக்கிறது, ஆர்டர் வந்தது. படிக்குப் படி ஒரு சதவீதம் உண்டு. தொகையை அந்தச் சதவீதத்தால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால் இந்த மாதம் வரக்கூடிய விற்பனை. இதை வைத்து இலக்கில் எத்தனை பங்கு கைக்கு எட்டும் என்று டாஷ்போர்டு பச்சையிலோ சிவப்பிலோ காட்டும்.

அந்தச் சதவீதம் எங்கிருந்து வந்தது? பல மென்பொருள்களில் அது முன்கூட்டியே நிரப்பப்பட்டே வருகிறது. கொட்டேஷன் கொடுத்தாயிற்றா, 75 என்பதுபோல. பேரத்துக்கு வந்துவிட்டாரா, 90 என்பதுபோல. நிறுவியவர்கள் அதை மாற்றிக்கொள்ளலாம். நான் பார்த்தவரை பெரும்பாலானவர்கள் மாற்றுவதில்லை. ஒரு பள்ளிக்கூடமோ பஞ்சாயத்தோ மோட்டார் வாங்கவேண்டுமென்றால் என்ன செய்யும்? மூன்று கொட்டேஷன் வாங்கும். கடன் கொடுக்கும் வங்கியும் அதைத்தான் கேட்கும். மூன்று கம்பெனிகளும் தத்தம் மென்பொருளில் 75 என்று பதிவு செய்துகொள்ளும். ஒரே ஒரு ஆர்டருக்கு ஊரில் 225 சதவீத நிச்சயம் உலாவுகிறது. மூவரில் இருவருக்கு அது சுழியமாகப் போவது உறுதி, அதில் ஒருவர் ஒப்புக்காகக் கேட்கப்பட்டவராகவும் இருப்பார். கொட்டேஷன் கேட்டார்கள் என்பதற்காக 75 போடும் கருவி, நம் ஊர் வாங்கும் முறையை அறியாத கருவி.

சதவீதம் சரியாகவே இருந்தாலும் கூட்டுத்தொகை நம்மை ஏமாற்றும். ஒருவரிடம் தலா 1 லட்ச ரூபாய்க்கு 10 என்கொயரிகள், ஒவ்வொன்றுக்கும் 30 சதவீத வாய்ப்பு. இன்னொருவரிடம் 10 லட்ச ரூபாய்க்கு ஒரே என்கொயரி, அதற்கும் 30 சதவீதம். இருவர் பெயருக்கு நேராகவும் டாஷ்போர்டு 3 லட்சம் என்றே காட்டும். முதலாமவர் 3 லட்சமோ அதற்கு மேலோ கொண்டுவருவதற்கு ஏறக்குறைய 62 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒன்றுமே இல்லாமல் கைவீசி வருவதற்கு 3 சதவீதம்கூட இல்லை. இரண்டாமவர் வெறுங்கையோடு வர 70 சதவீத வாய்ப்பு. 3 லட்சம் என்ற தொகை அவருக்கு எந்த மாதமும் வரவே வராது. வந்தால் 10, இல்லாவிட்டால் பூஜ்யம். ஒரே எண்ணுக்குப் பின்னால் இத்தனை வேறுபாடு. மூலப்பொருள் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவருக்கு இந்த வேறுபாடுதான் முக்கியம்.

இந்த 62 சதவீதத்திலும் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பத்து பேரும் ஒருவரையொருவர் பாராமல் தனித்தனியாக முடிவெடுக்கிறார்கள் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. பம்பு வியாபாரத்தில் அப்படி நடக்காது. சித்திரையில் நல்ல கோடை மழை இரண்டு பெய்தால் போதும், பத்து பேரும் ஒன்றுபோல 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்பார்கள். எல்லா முட்டையும் ஒரே வானத்தின் கீழ் இருக்கின்றன. அதனால் பம்பு விற்கிறவர் மேகத்தையும் ஒரு கண் பார்த்துக்கொள்ள வேண்டும். மே மாத விற்பனையை ஜூன் மாத விற்பனையோடு ஒப்பிட்டுக் கோபப்படுவதும் இதே தவறுதான். மே மாதத்தைப் போன வருஷத்து மே மாதத்தோடுதான் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. அமெரிக்க அறிஞர் ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய ஒரு சிறிய தேற்றம். வரிசைகளைப் பற்றியது. ஓர் இடத்தில் சராசரியாக எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது, ஒரு பொழுதில் எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள் என்பதையும் ஒவ்வொருவரும் சராசரியாக எவ்வளவு நேரம் தங்குகிறார்கள் என்பதையும் பெருக்கினால் கிடைக்கும். டீக்கடைக்கும் பொருந்தும், மருத்துவமனைக்கும் பொருந்தும், விற்பனைப் பட்டியலுக்கும் பொருந்தும். லிட்டில் பின்னாளில் சந்தைப்படுத்தல் அறிவியலின் முன்னோடிகளில் ஒருவராகவும் ஆனார் என்பதால், அவருடைய விதியைச் சி.ஆர்.எம்.-க்குக் கொண்டுவருவதை வலிந்து செய்ததாக நான் நினைக்கவில்லை.

பட்டியலில் 120 என்கொயரிகள் திறந்திருக்கின்றன. வாரத்துக்கு 20 புதிதாக வருகின்றன. 120-ஐ 20-ஆல் வகுத்தால் 6. சராசரியாக ஓர் என்கொயரி 6 வாரம் உள்ளே கிடக்கிறது. விற்பனையாளரிடம் கேட்டால், "மூணு வாரத்துல ஆமா இல்லைன்னு தெரிஞ்சுரும்" என்கிறார். அவர் சொல்வது மெய்யென்றால் பட்டியலில் 60-தான் இருக்க வேண்டும். மீதி 60? வேறு கம்பெனியில் வாங்கிவிட்டவர்கள், போனை எடுக்காதவர்கள், கிணற்றை மூடியவர்கள். உயிர் போய் வாரக்கணக்கில் ஆனவற்றை 'பார்க்கிறேன்னு சொல்லியிருக்கார்' என்ற குறிப்போடு உயிரோடு வைத்திருக்கிறோம். வரத்தும் போக்கும் ஓரளவு சீராக இருக்கும் மாதங்களுக்குத்தான் இந்தக் கணக்கு நேராகப் பொருந்தும். கோடை ஏறும்போது என்கொயரி பெருகும், அப்போது கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு துண்டுத்தாளில் ஒரே ஒரு வகுத்தலில் பட்டியலின் உண்மையைத் தொட்டுப் பார்க்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

அந்த 60 ஏன் வெளியேற்றப்படவில்லை? மென்பொருளில் 'இழந்தது' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் காரணம் கேட்கும். காரணம் எழுதினால் திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அழுத்தாமல் விட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். சம்பளத்துக்கு வேலை செய்கிற ஒரு மனிதர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் மர்மம் இல்லை.

இனி, நம்பிக்கையைச் சோதிப்பது எப்படி? வானிலை அறிஞர்கள் இந்தக் கேள்வியை வெகு காலம் முன்பே எதிர்கொண்டார்கள். 'நாளை மழைக்கு 70 சதவீத வாய்ப்பு' என்று ஒருவர் சொல்லி, மறுநாள் மழை பெய்யாவிட்டால் அவர் தவறு செய்தாரா? ஒரு நாளை வைத்துச் சொல்ல முடியாது. அவர் 70 என்று சொன்ன நூறு நாள்களை எடுத்து, அவற்றில் சுமார் எழுபது நாள் மழை பெய்ததா என்று பார்த்தால் சொல்லலாம். அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த கிளென் பிரையர் 1950-இல் இதற்கு ஒரு மதிப்பெண் முறை கொடுத்தார். சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்திச் சராசரி காண வேண்டும். மதிப்பெண் எத்தனை குறைவோ அத்தனை நல்லது. 90 சதவீதம் என்று அடித்துச் சொல்லி நடக்காமல் போனால் 0.81 தண்டம். 60 என்று சொல்லி நடக்காமல் போனால் 0.36. எல்லாவற்றுக்கும் ஐம்பது ஐம்பது என்று சொல்லிக்கொண்டே இருப்பவருக்கு எப்போதும் 0.25. அதைவிட அதிகம் வாங்குகிறவர், தான் சொல்லும் சதவீதத்தால், கேட்கிறவரை ஐம்பது ஐம்பது என்பதைவிடக் கூடுதலாகத் தவறான வழியில் விடுகிறார்.

சி.ஆர்.எம். மென்பொருளில் இதைச் செய்யத் தேவையான எல்லாம் ஏற்கனவே கிடக்கிறது. ஓர் என்கொயரி எந்தத் தேதியில் எந்தப் படியில் இருந்தது, எப்போது மாறியது, எப்படி முடிந்தது என்ற வரலாற்றை அது சேமித்து வைத்திருக்கிறது. போன வருஷம் 'பேரம் நடக்கிறது' என்ற படியைத் தொட்ட எல்லாவற்றையும் இறக்கி, எத்தனை ஆர்டரானது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கம்பெனியில் நாங்கள் இதைச் செய்தபோது, 90 என்று போட்டிருந்த படியில் பாதிகூடத் தேறவில்லை. அன்றைக்கே 90-ஐ அழித்துவிட்டு அவர்களுடைய சொந்த அனுபவத்தின் எண்ணைப் போட்டோம். டாஷ்போர்டில் 'வரக்கூடிய விற்பனை' ஒரே நாளில் மளமளவென்று சரிந்தது. முதலாளிக்கு முகம் வாடிவிட்டது. கடையில் தராசைச் சரிபார்த்த நாளில் சரக்கு குறைந்தது போலத் தெரியும், குறைந்தது சரக்கில்லை என்று அவருக்குப் புரியவைக்க அரைமணி நேரம் ஆனது.

கருவியின் கோளாறை இப்படித் திருத்திவிடலாம். கடினமான இடம் அடுத்தது. வெப்பமானியை வைத்து வெயிலை அளந்தால் வெயிலுக்கு அது தெரியாது. மனிதரை அளந்தால் அவருக்குத் தெரியும். அளக்கிறார்கள் என்று தெரிந்ததும், அந்த அளவில் சம்பளம் தொங்குகிறது என்று தெரிந்ததும், அவர் நடந்துகொள்ளும் விதம் மாறுகிறது.

இலக்கே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரு உளவியலாளர்கள் பல்லாண்டுகள் செய்த ஆய்வுகள், 'உன்னால் முடிந்ததைச் செய்' என்பதைவிடத் தெளிவான, சற்றே கடினமான இலக்கு மனிதரை நன்றாக உழைக்க வைக்கிறது என்று காட்டின. பிரச்சினை இலக்கோடு தேதியும் பணமும் முடிச்சுப் போடப்படும்போது வருகிறது. பால் ஓயர் என்ற பொருளியலாளர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க உற்பத்தி நிறுவனங்களின் விற்பனை நிதியாண்டு முடியும்போது ஏறி, புதிய ஆண்டு தொடங்கும்போது இறங்குவதைக் காட்டினார். வாங்குகிறவருக்கு விற்கிற கம்பெனியின் நிதியாண்டு எப்போது முடிந்தால் என்ன? அந்த ஏற்ற இறக்கம் வாங்குகிறவரிடமிருந்து வரவில்லை. இயன் லார்கின் 2014-இல் இன்னும் நெருங்கிப் பார்த்தார். ஒரு பெரிய மென்பொருள் விற்பனை நிறுவனத்தின் ஒப்பந்தப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார். விற்க விற்கக் கமிஷன் விகிதம் ஏறிக்கொண்டே போகும் ஏற்பாடு அங்கே. விற்பனையாளர்கள் தங்களுக்கு லாபமான காலாண்டுக்குள் ஒப்பந்தத்தைக் கொண்டுவரத் தள்ளுபடியை அள்ளிக் கொடுத்தார்கள். அந்த விலைக்குறைப்பால் நிறுவனம் இழந்தது வருமானத்தில் 6 முதல் 8 சதவீதம் என்று அவர் கணக்கிட்டார்.

நம் ஊர்ச் சந்தையில் இதற்கு ஆய்வுக் கட்டுரை தேவையில்லை, எந்த டீலரைக் கேட்டாலும் சொல்வார். மாதக் கடைசி மூன்று நாள் கம்பெனிக்காரர் போன் மேல் போன் போடுவார். "இந்த மாசம் மட்டும் ஒரு லோடு இறக்கிக்கங்க, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்." டீலர் தலையில் ஸ்டாக்கைக் கட்டிவிட்டுப் போவார். திரை பச்சையாகும். அடுத்த மாதம் முதல் இருபது நாள் அந்த டீலரிடமிருந்து ஒரு ஆர்டரும் வராது, ஏனென்றால் அவருடைய கோடவுனில் போன மாதத்துச் சரக்கு அப்படியே இருக்கிறது. பத்தாவது மாதம் விற்க வேண்டியதை ஒன்பதாவது மாதத்திலேயே கடன் வாங்கி, அதற்குத் தள்ளுபடி என்ற வட்டியும் கட்டுகிறோம்.

இதன் உச்சத்தை உலகம் 2016 செப்டம்பரில் பார்த்தது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒரு வாடிக்கையாளரிடம் எத்தனை சேவைகளை விற்றிருக்கிறோம் என்ற விகிதத்தைத் தன் வெற்றிக்கு அடையாளமாக வைத்திருந்தது. சேமிப்புக் கணக்கு, கடன் அட்டை, இணைய வங்கி என்று ஆளுக்கு 8 சேவைகள் என்பது கனவு. அந்த எண்ணை முதலீட்டாளர்களுக்குப் பெருமையோடு அறிவித்துவந்தது. கிளைகளில் அதுவே தினசரி இலக்கானது. இலக்கை எட்டாதவர்கள் மேலதிகாரியின் நெருக்கடியைத் தாங்க வேண்டியிருந்தது. ஊழியர்கள் வழி கண்டுபிடித்தார்கள்: வாடிக்கையாளருக்குத் தெரியாமலே அவர் பெயரில் கணக்கு திறந்தார்கள். முதலில் சுமார் 20 லட்சம் கணக்குகள் என்றார்கள். மறு ஆய்வில் 35 லட்சம் வரை இருக்கலாம் என்று தெரிந்தது. அதற்குள் ஏறத்தாழ 5,300 ஊழியர்களை வங்கி வேலையை விட்டு நீக்கியிருந்தது. முதல் அபராதம் 18.5 கோடி டாலர். தலைமை நிர்வாகி ஜான் ஸ்டம்ஃப் பதவி விலகினார். 2020-இல் வழக்குகளை முடிக்க இன்னும் 300 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

எனக்கு இதில் வலிக்கும் இடம் அபராதத் தொகை அல்ல. ஒருவர் ஒரே வங்கியில் பல சேவைகள் வைத்திருந்தால் அவருக்கு அந்த வங்கியின் மேல் நம்பிக்கை இருக்கிறது என்று பொருள். அந்த விகிதம் உண்மையிலேயே நம்பிக்கையின் அளவாக ஒரு காலத்தில் இருந்தது. அதை இலக்காக்கிய நாளில் எண் மட்டும் வளர்ந்தது, அது அளந்துகொண்டிருந்த நம்பிக்கை அழிந்தது. பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-இலேயே பணக்கொள்கையைப் பற்றிப் பேசும்போது இதைக் கவனித்திருந்தார்: புள்ளிவிவரத்தில் தெரியும் ஓர் ஒழுங்கைக் கட்டுப்பாட்டுக் கருவியாக்கி அழுத்தினால் அந்த ஒழுங்கு குலைந்துபோகும். மானிடவியலாளர் மெரிலின் ஸ்ட்ராதெர்ன் 1997-இல் இதைப் பொதுமைப்படுத்தினார்: அளவையே இலக்காக்கிவிட்டால், அதன்பின் அதை அளவென்று நம்புவதற்கில்லை. இன்று குட்ஹார்ட் விதி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

அதனால் என் பட்டறிவில் நான் வந்து நிற்கும் இடம் இது: விற்பனையாளரின் கணிப்பும் அவருடைய ஊக்கத்தொகையும் ஒரே எண்ணில் தொங்கக் கூடாது. ஊக்கத்தொகை கைக்கு வந்த பணத்தின் மேல் இருக்கட்டும், பேரேட்டில் இடிக்காமல் ஏறிய பணத்தின் மேல். கணிப்பு தப்பினால் தண்டனை கூடாது, ஆனால் யாருடைய கணிப்பு நடந்ததோடு ஒத்துப்போகிறது என்பதை எல்லோரும் பார்க்கும்படி வைக்கலாம். 'இழந்தது' பொத்தானை நேரத்தோடு அழுத்துகிறவருக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்க வேண்டும். ஆறு வாரத்துப் பிணத்தைச் சுமப்பதைவிட இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுவது கம்பெனிக்குப் பெரிய உபகாரம்.

இலக்கு வைக்கத்தான் வேண்டுமென்றால், கையில் இருக்கிற வேலைக்கு வையுங்கள். வாடிக்கையாளர் வாங்குவது நம் கையில் இல்லை. அவர் விசாரித்த எத்தனை நேரத்துக்குள் திரும்பக் கூப்பிட்டோம் என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 2,241 அமெரிக்க நிறுவனங்களுக்கு இணையம் வழியே விசாரணை அனுப்பிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொன்னவை 37 சதவீதம். 23 சதவீத நிறுவனங்கள் பதிலே சொல்லவில்லை. அவர்களே செய்த இன்னோர் ஆய்வில், ஒரு மணி நேரத்துக்குள் தொடர்புகொண்ட நிறுவனங்கள், அதைவிட ஒரு மணி நேரம் தாமதித்தவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ 7 மடங்கு அதிகமாக, முடிவெடுக்கும் ஆளிடம் உருப்படியாகப் பேசும் நிலைக்கு வந்திருந்தன. வேகமாகக் கூப்பிடும் நிறுவனம் வேறு பல விஷயங்களிலும் ஒழுங்காக இருக்கும் என்பதால் 7 மடங்கு முழுவதையும் வேகத்தின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் தண்ணீர் இல்லாமல் தென்னை வாடிக்கொண்டிருக்கும் ஒருவர் காலையில் விசாரித்தால், அவர் மாலைவரை நமக்காகக் காத்திருக்கப்போவதில்லை என்பதற்கு ஆய்வே வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மாதம் தவறாமல் பார்க்கிற அநியாயம் அது. போன மாதம் அதிகம் விற்றவருக்குக் கேடயம் கொடுக்கிறார்கள். இந்த மாதம் அவர் விற்பனை குறைகிறது. 'தலைக்கனம் வந்துவிட்டது' என்கிறார்கள். கடைசியில் இருந்தவரைத் திட்டுகிறார்கள். அவர் விற்பனை ஏறுகிறது. 'திட்டினால்தான் வேலை நடக்கிறது' என்கிறார்கள். ஒரு மாத விற்பனையில் உழைப்போடு அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. அதிர்ஷ்டம் உச்சத்தில் இருந்த மாதத்துக்கு அடுத்த மாதம் பெரும்பாலும் சராசரியை நோக்கித்தான் இறங்கும், அடிமட்டத்தில் இருந்தது ஏறத்தான் செய்யும். உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கித் திரும்புவதை வைத்து ஃபிரான்சிஸ் கால்டன் 1886-இல் இதை எழுதினார். இஸ்ரேலிய விமானப் படையின் பயிற்சியாளர்கள் இதே காரணத்தால் பாராட்டு கெடுக்கும், திட்டு திருத்தும் என்று நம்பியிருந்ததை டேனியல் கானமன் சொல்லியிருக்கிறார். டாஷ்போர்டில் ஒரு மாதத்துக்குப் பதில் பன்னிரண்டு மாதத்தின் உருளும் சராசரியைப் போட்டுப் பார்த்தால் கேடயமும் திட்டும் பாதிக்குமேல் தேவைப்படாது.

கணபதிக் கம்பெனியில் தேதிப் பத்தியை நான் எடுக்கவில்லை. கட்டாயம் என்பதை மட்டும் எடுத்துவிட்டு, பக்கத்தில் வேறொரு கட்டம் வைத்தேன்: 'வாங்குவதற்கு முன் அங்கே என்ன நடக்க வேண்டும்?' முதல் வாரம் பாதிப் பேர் காலியாக விட்டார்கள், விடட்டும் என்று இருந்தோம். மூன்றாம் திங்கட்கிழமை அதே விற்பனையாளரின் பட்டியல் திரைக்கு வந்தது. 14 இருந்த இடத்தில் 9. இழந்த 5-க்கும் காரணம் எழுதியிருந்தார். மார்ச் 31 என்ற தேதி ஒன்றே ஒன்றில் இருந்தது, அது மானியத் தொகை காலாவதியாகும் நாள்.

பல்லடம் பக்கத்து வரி ஒன்றில் தேதியே இல்லை. மேனேஜர் கேட்டார்.

"இன்னும் போர் போடலீங்ணா. வண்டி புதன்கிழமை வருதாம். தண்ணி எத்தன அடியில கிடைக்குதுன்னு தெரிஞ்சாத்தான் எத்தன ஹெச்.பி., எத்தன ஸ்டேஜுன்னே சொல்ல முடியும். வியாழக்கெழம காலைல நானே போய்ப் பார்த்துட்டு வந்து தேதி போடறேன்."

"செரி, போயிட்டு வா," என்று மேனேஜர் அடுத்த வரிக்குப் போனார்.